விடையில்லாப் பிசி: ஆலிஸ் கதையில் தொப்பிக்காரன் வினா

லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன் (1832–1898) ஆக்சுபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் பயிற்றியவர். அவர் இயற்றி 1865ஆம் ஆண்டில் அச்சேறிய 'அற்புத உலகில் ஆலிஸ்' என்னும் கதைநூலின் ஏழாம் இயலில் ஒரு வினா உளது. அண்டங்காக்கை எழுதுமேசையை ஒத்திருப்பது எவ்வாற்றான் என்பதே அவ்வினா. வினவியவன் பித்தேறிய தொப்பிக்காரன். வினவப்பட்டவள் சிறுமி ஆலிஸ். அவள் விடை அறியாது தோற்று, அதனைக் கூறுமாறு வேண்டியபொழுது, தனக்கும் அது சிறிதும் தெரியாது என்று அவன் சொல்லிவிடுகின்றான். உடனிருந்த மார்ச்சு முயலும் அதனையே வழிமொழிகின்றது. நூல் முடியுமளவும் விடை இல்லை.

சிறுவர் நூலொன்றில் வரும் இச்சிறு வினாவிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு நூற்றாண்டிற்கு மேலாக இதற்கு விடை தேடியோர் பலர். அவருள் நூலாசிரியரும் ஒருவர். நூலின்கண் இல்லாத ஒன்றைப் படிப்போர் தாமே அமைத்துக்கொள்ளுதல் எந்த அளவிற்குத் தகும் என்னும் கேள்வி இதனுள் அடங்கியுள்ளது. பழைய ஏடுகளைப் பதிப்பிக்கும் நமக்கு அக்கேள்வி புறம்பானது அன்று.

முதற்கண் வினாவின் வடிவத்தை நோக்குவாம். தொடர்பில்லா இரு பொருள்களை நிறுத்தி, இது அதனை எங்ஙனம் ஒக்கும் என வினவி, சொல்லின் இருபொருளால் விடை இறுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் விருந்துக் கூடங்களில் பெருவழக்காய் இருந்த ஒரு விளையாட்டு. நம்மவர்க்கு இது புதிதன்று. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும், வைக்கோலையும் யானையையும் ஒரே பாட்டில் இணைத்துப் பாடிய இரட்டுற மொழிதலை அறிந்தவர் தொப்பிக்காரன் வினாவைக் கேட்டவுடன் அதன் இனத்தை அறிந்துகொள்வர். வேறுபாடு ஒன்றே. காளமேகம் ஒப்புமையைக் காட்டிவிட்டுப் பாட்டை முடிப்பார். தொப்பிக்காரன் ஒப்புமை உண்டு என்று சொல்லிவிட்டு வாளா இருப்பான்.

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளுள் ஒன்றாகப் பிசியை வைத்து, அதனை உவமத்தொடு பொருந்தி வருவது எனவும், கூறிய ஒன்றினின்று கூறாத பொருள் தோன்றித் துணியப்படுவது எனவும் இருவகைப்படுத்தினார். இவ்விரண்டிலும் துணிவு என ஒன்று உண்டு என்பது கருதப்பட்டது. கேட்போன் அறியான், சொல்வோன் அறிவான். இச்சமனின்மையே பிசியின் உயிர் எனலாம். நன்னூலார் வகுத்த வினா ஆறனுள், தான் அறிந்து வைத்தே பிறன் அறிவை அளக்க வினாவும் அறிவினாவின்பாற்பட்டது விடுகதை. ஆசிரியன் மாணாக்கனை வினாவுதல் இதன்கண் அடங்கும். தொப்பிக்காரன் வினா வடிவால் அறிவினா. பொருளால் அறியா வினா. அறியா வினாவாயினும் அறிதல் வேட்கையேனும் வேண்டும். அதுவும் அவனிடத்து இல்லை. ஆதலின் நன்னூலார் வகுத்த ஆறனுள் ஒன்றிலும் இவ்வினா அடங்காது நிற்கின்றது. இலக்கணத்தின் வேலியைத் தாண்டிய இவ்வினாவை வெறும் பித்தன் பிதற்றல் என ஒதுக்குதல் எளிது. ஆனால் அஃது எவ்விடத்தில், எதனை அடுத்து, எதற்கு முன் வைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பின் அவ்வாறு ஒதுக்கல் ஆகாது.

மரநிழலில் நீண்ட மேசை இடப்பட்டுள்ளது. முயலும் தொப்பிக்காரனும் தேநீர் அருந்துகின்றனர். இருவர்க்கும் இடையே துயிலெலி உறங்குகின்றது. ஆலிஸ் அழையாமலே வந்து அமர்கின்றாள். முயல் அவளைத் திராட்சை மது அருந்துமாறு உபசரிக்கின்றது. அவள் மேசை முழுதும் நோக்குகின்றாள், தேநீரன்றி வேறில்லை. மது காணப்படவில்லையே என்றதற்கு, இல்லைதான் என்கின்றது முயல். இல்லாததைத் தருதல் மரியாதையோ என அவள் சினக்க, அழையாது வந்து அமர்தல் மரியாதையோ என அது திருப்புகின்றது. பின்னர்த் தொப்பிக்காரன் அவள் கூந்தலைப் பற்றிக் குறை கூற, பிறரைப் பற்றி அவ்வாறு சொல்லுதல் பண்பன்று என அவள் கடிகின்றாள். அவன் கண்களை அகல விழிக்கின்றான். ஆயினும் அவன் வாயினின்று வந்தது மேற்கூறிய வினாவே.

இவ்வடைவு தற்செயலாய் அமைந்தது என்று யான் கருதவில்லை. இல்லாத மதுவை நீட்டியது முயல். இல்லாத விடையை நீட்டினான் தொப்பிக்காரன். இரண்டும் ஒரே செயலின் இரு தோற்றம். முன்னதில் ஏமாந்த சிறுமி பின்னதிலும் ஏமாறுகின்றாள். ஏமாறுவதற்கு முன் இனிச் சிறிது மகிழ்ச்சி உண்டாகும் என உள்ளத்துள் உவக்கவும் செய்கின்றாள். அவ்வுவகையைக் கரோல் மறவாது குறித்திருப்பது நெஞ்சைத் தொடுவது. விடுகதை என்பது அவள் நன்கறிந்த உலகத்தின் பொருள். அதற்கு விதி உண்டு, முடிவு உண்டு. பாதாளத்தில் வீழ்ந்தது முதல் விதி ஒன்றையும் காணாது அலைந்தவளுக்கு அஃது ஒரு பற்றுக்கோடாய்த் தோன்றியது. அப்பற்றுக்கோடும் கையில் நில்லாது நழுவுகின்றது.

இனி, வினாவிற்கும் அதன் முடிவிற்கும் இடையே நிகழ்வன யாவை? பொருள்படச் சொல்லுதலும் சொன்னதைப் பொருள்படக் கொள்ளுதலும் ஒன்றோ என்பதுபற்றி ஒரு வழக்காடல். அண்டங்காக்கை பற்றியும் எழுதுமேசை பற்றியும் தான் அறிந்த சிலவற்றை ஆலிஸ் எண்ணிப் பார்க்கும் அமைதி. பின்னர்த் தொப்பிக்காரனின் கைக்கடிகை. நாளைக் காட்டி மணியைக் காட்டாத அக்கடிகையில் வெண்ணெய் தடவிய கதை யாவரும் அறிந்தது. அதன் பின்னரே விடை கண்டனையோ என்று அவன் கேட்பதும், அவள் தோற்பதும், அவன் அறியேன் என்பதும் நிகழ்கின்றன. விடையில்லா விடுகதைகளால் நேரத்தை வீணாக்குவதினும் நல்லது ஏதேனும் செய்யலாமே என அவள் களைத்து உரைக்க, அச்சொல்லைப் பற்றிக்கொண்டு காலத்தின் வரலாற்றைத் தொடங்குகின்றான் தொப்பிக்காரன். காலம் அஃறிணை அன்று, ஆள் என்கின்றான். கடந்த மார்ச்சு மாதத்தில் அரசி நடத்திய இசையரங்கில் தான் பாடியபொழுது, காலத்தைக் கொலை செய்கின்றான் என அவள் கூவியதாகவும், அன்று முதல் காலம் தன்னோடு பிணங்கி எப்பொழுதும் ஆறு மணியாகவே நிற்பதாகவும் கூறுகின்றான். ஆதலால் எந்நேரமும் தேநீர் வேளை. கோப்பைகளைக் கழுவவும் பொழுதில்லை. இடம் மாறி மாறி அமர்தலே செய்யத்தக்கது.

ஆகவே விடையில்லா வினா என்பது காலம் பற்றிய உரையாடலுக்கு வாயிலாக வைக்கப்பட்டது. விடுகதைக்குக் காலம் வேண்டும். கேட்டல், எண்ணல், தோற்றல், அறிதல் என அது முன்னோக்கிச் செல்லுவது. ஆறு மணியைக் கடவாத மேசையில் அறிதல் என்னும் இறுதிப் படி எங்ஙனம் வரும்? அவ்வியலில் தொடங்கிய எதுவும் முற்றுப் பெறவில்லை என்பதையும் உடன் கருதுக. தேநீர் முடியவில்லை. தொப்பிக்காரன் பாட்டு இடையில் அறுகின்றது. துயிலெலி சொல்லும் வெல்லப்பாகுக் கிணற்றுக் கதை முடிவதற்கு முன்னரே ஆலிஸ் வெறுப்புற்று எழுந்துபோகின்றாள்; கதைசொல்லியும் உறங்கிவிடுகின்றது. விடை தெரியாத வினா இவ்வினத்துள் ஒன்று. அதனை மட்டும் தனியே பிரித்தெடுத்து விடை காண முயல்வோர், மற்றவற்றை ஏன் முடித்துவைக்க முயலவில்லை என்று கேட்கத் தோன்றுகின்றது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளுதல் இயலாது. இக்கதை 1862ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் தேம்சு ஆற்றில் படகில் செல்லுங்கால் லிடல் உடன்பிறந்தார் மூவர்க்குச் சொல்லப்பட்டதன் வளர்ச்சி. அவருள் நடுவர் ஆலிஸ் லிடல். அக்குடும்பத்தார்க்கு மட்டுமே விளங்கும் மறைபொருள் பல நூலுள் உள. இவ்வியலிலேயே சான்று உண்டு. துயிலெலியின் கதையில் கிணற்றடியில் வாழும் மூவர் எல்சி, லேசி, டில்லி எனப்படுவர். எல்சி என்பது மூத்தவளாகிய லோரினா சார்லட்டின் முதலெழுத்துகள். லேசி என்பது ஆலிஸ் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளை முறைமாற்றியது. டில்லி என்பது இளையவளாகிய ஈடித்தை வீட்டார் வழங்கிய மட்டில்டா என்னும் செல்லப்பெயரின் சுருக்கம். கடிகை பார்த்து இன்று என்ன நாள் என்று வினவ ஆலிஸ் நான்கு என்பதும், முந்திய இயலில் அது மே மாதம் என்று அவள் எண்ணுவதும் சேர, மே 4 ஆலிஸ் லிடலின் பிறந்தநாள் என்பது வெளிப்படும். இவ்வாறு விடையுள்ள மறைபொருள்கள் சூழ்ந்த இடத்தில் காக்கை வினாவிற்கும் ஒரு குடும்ப விடை இருந்திருக்கலாகாதோ?

இருந்திருக்கலாம் என்று யானும் சின்னாள் எண்ணினேன். பின்னர் இரண்டு செய்திகள் அவ்வெண்ணத்தை மாற்றின. ஒன்று: 1864ஆம் ஆண்டு நவம்பரில் கரோல் தம் கையாலேயே எழுதிப் படமும் வரைந்து ஆலிசுக்குப் பரிசளித்த முதற்படியில் இத்தேநீர் விருந்தே இல்லை. அச்சிற்கு நூலை விரித்தபொழுது புதிதாய்ச் சேர்த்த பகுதி இது. படகிலே கேட்ட சிறுமியர் விடை அறிந்திருந்தனர் என்பதற்கு ஆதாரம் இல்லாது போகின்றது. மற்றொன்று ஆசிரியர் வாக்கு. 1896 கிறிஸ்துமஸ் நாளிட்டு எழுதிய முன்னுரையில், இவ்வினாவிற்கு விடை உண்டோ எனப் பலர் தம்மை வினவுதலின் ஒன்று தருவதாகவும், அது பின்னர்த் தோன்றியதே எனவும், முதலில் புனைந்தவாறு இவ்வினா விடையே இல்லாதது எனவும் அவர் தெளிவாக்கினார். முப்பது ஆண்டுகள் கடந்து, இறப்பிற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர் எழுதிய சொல் அது.

அவர் தந்த விடைதான் யாது? சில குரல்களை இரண்டுமே தரவல்லவை, ஆயின் அவை மிகத் தட்டையானவை என்பது அதன் முற்பகுதி. ஆங்கிலத்தில் இசைக்குரலையும் எழுத்துக் குறிப்பையும் ஒரே சொல் உணர்த்தும். தட்டை என்னும் சொல்லும் சுருதி தாழ்ந்ததையும் சமதளமானதையும் உணர்த்தும். எனவே கரகரத்த காக்கைக்கும் தாள் கிடக்கும் மேசைக்கும் அஃது ஒருங்கே பொருந்துகின்றது. பிற்பகுதி இன்னும் நுண்ணியது. பின்பக்கத்தை முன்னாக வைத்து அதனை ஒருபொழுதும் வையார் என்றார். மேசைக்கு அது வெளிப்படை. காக்கைக்கு எங்ஙனம் எனின், 'ஒருபொழுதும் இல்லை' என்னும் பொருள்தரும் 'நெவர்' என்ற சொல்லில் இரண்டாவது உயிரெழுத்தை வேண்டுமென்றே பிழைபட எழுதினார். அவ்வாறு எழுதிய சொல்லை இறுதியினின்று முதலாகப் படித்தால் அண்டங்காக்கையின் ஆங்கிலப் பெயராகிய 'ரேவன்' வரும். பின் முன்னாக வைத்தல் என்பதைச் சொல்லாலும் செய்து காட்டிவிட்டார். ஞானசம்பந்தர் திருமாலைமாற்றில் பயின்றோர்க்கு இத்தகைய எழுத்துத் திறத்தின் அருமை கூறவேண்டா.

இதன்பின் நிகழ்ந்தது அச்சுக்கூடத்துக் கொடுமை. பிழைதிருத்துவோர் ஒருவர் அச்சொல்லைக் கண்டார், எழுத்துப் பிழை என்று எண்ணினார், திருத்திவிட்டார். அடுத்து வந்த பதிப்புகளில் எல்லாம் சொல் செம்மையாய் நின்றது, சிலேடை செத்தது. விடையின் உயிரான பகுதி அகன்றதால் எஞ்சியது பொருளற்ற சப்பை வாக்கியமாய்த் தோன்றியது. கரோல் விரைவில் காலமானார். பல்லாண்டுக் காலம் படித்தோர் அனைவரும் அவர் விடை சுவையற்றது என்றே கருதிவந்தனர். 1976ஆம் ஆண்டில்தான் லூயிஸ் கரோல் கழகத்தைச் சார்ந்த டெனிஸ் கிரட்ச் பழைய அச்சுப்படியை ஒப்புநோக்கி உண்மையை வெளிப்படுத்தினார்.

பதிப்புத்துறையில் உள்ளோர் இச்செய்தியை இருமுறை படித்தல் நன்று. மூலத்தின் பிழையைத் திருத்துதல் பதிப்பாசிரியன் கடமை. பிழை போலத் தோன்றும் மூலத்தைத் திருத்துதல் அவன் செய்யும் கொலை. இரண்டிற்கும் இடையே உள்ள கோடு மெல்லிது. அக்கோட்டை யானும் ஒருகால் கடந்தவன். இளமையில் நாட்டுப்புற விடுகதைகளைத் தொகுத்து வந்தபொழுது ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவர் அரியதொரு விடுகதை சொன்னார். விடையைக் கேட்டேன். "எங்க ஆத்தா போடுவா, அவளுக்கும் தெரியாதுன்னுதான் சொல்லுவா" என்றார். இரவெல்லாம் எண்ணி, பொருத்தமாய் ஒன்றை யானே அமைத்து, அதனை அவர் கூறியது போலவே தொகுப்பில் சேர்த்துவிட்டேன். அச்சேறிய பின்னர் வேறொருவர் கட்டுரையில் அவ்விடை மரபுவழி விடையாக எடுத்தாளப்பட்டதைக் கண்டு நாணினேன். அம்மூதாட்டி வீட்டில் இரு தலைமுறையாக விடையின்றியே வழங்கிய ஒன்று அது. அவ்வழக்கைத்தான் யான் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

கரோலுக்குப் பின் விடை கூறியோர் பலருள் இருவரை மட்டும் சுட்டுவாம். அமெரிக்கப் புதிர்வல்லுநர் சாம் லாயிடு, போ என்னும் கவிஞர் இரண்டன்மீதும் எழுதினார் என்றார். எட்கர் ஆலன் போ 1845இல் அண்டங்காக்கையைப் பற்றிப் பாடியதும், மேசைமீது தாள் வைத்து எழுதியதும் அவ்வோர் உருபில் அடங்கின. சிலேடை என்ற அளவில் ஆசிரியர் விடையினும் இது சிறந்தது என்பேன். அல்டசு அக்சிலி 1928இல் எழுதிய கட்டுரையில், 'இரண்டும்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் 'பி' எழுத்து உண்டு, 'இரண்டும் அன்று' என்னும் பொருளுடைய சொல்லில் 'என்' எழுத்து உண்டு என ஒன்றுக்கும் உதவாத விடையை வேண்டுமென்றே தந்தார். மெய்ப்பொருளியலார் எழுப்பும் பெருவினாக்கள் பலவும் இத்தகையன என்பது அவர் கருத்து. அக்கருத்து அத்துணைக்கு ஏற்புடையதோ என்பது வேறு. ஆனால் வினாவின் இயல்பை அவர் நன்கு உணர்ந்தார் என்பதில் ஐயமில்லை. வினாவின் பொருளைத் தொடாது சொற்களின் எழுத்தைத் தொட்டு விடை இறுத்தமையே அவர்தம் நுட்பம்.

அவ்வெழுத்து வழியே சென்று, யான் கருதும் ஒன்றை ஈண்டு வைக்கின்றேன். இது துணிபு அன்று; கருத்து. காக்கையும் மேசையும் ஏன் இணைக்கப்பட்டன என்பதற்கு இவ்வியலின் பிற்பகுதியில் ஒரு குறிப்பு உளது. கிணற்றடி மூவர் ஓவியம் வரையக் கற்றனர் என்று துயிலெலி கூறுகின்றது. எவற்றை வரைந்தனர்? 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கும் எல்லாவற்றையும். எலிப்பொறி, திங்கள், நினைவு, மிகுதி என அது அடுக்கும் பொருள்கள் ஆங்கிலத்தில் அவ்வெழுத்தையே முதலாக உடையன. அதனையன்றி அவற்றை ஒருங்கே கட்டும் கயிறு வேறில்லை. 'எம்' எழுத்து எதற்கு என ஆலிஸ் வினவுகின்றாள். ஏன் கூடாது என்கின்றது முயல். நன்னூலார் கூறும் வினா எதிர் வினாதல் என்னும் விடை இது. ஆலிஸ் வாய் மூடிவிடுகின்றாள்.

அண்டங்காக்கையின் ஆங்கிலப் பெயரையும் எழுதுமேசையின் ஆங்கிலப் பெயரையும் உரக்கச் சொல்லிக் காண்க: ரேவன், ரைட்டிங் டெஸ்க். செவிக்கு இரண்டும் ரகரத்தில் தொடங்குவன. நம் யாப்பில் மோனை என்போம். ஆயின் கண்ணுக்கு அவ்வாறு இல்லை. எழுதுதலைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல் ஒலியாத ஓர் எழுத்தைத் தலையில் சுமந்து நிற்கின்றது. செவி ஒன்றாகக் கேட்பதைக் கண் இரண்டாகக் காண்கின்றது. அம்மாறுபாடு எழுத்தைப் பற்றிய சொல்லிலேயே நிகழ்கின்றது. பொருளால் கட்டப்படாத இரண்டு, ஒலியால் மட்டும் கட்டப்பட்டுத் தொப்பிக்காரன் வாயில் வந்தன என்பது என் கருத்து. ஒலியொப்புமை உள்ளத்தில் பொருளொப்புமையின் நிழலை உண்டாக்கும். ஏதோ தொடர்பு இருத்தல் வேண்டும் என்னும் மயக்கம் கேட்போர்க்குப் பிறக்கும். பல தலைமுறையினர் இவ்வினாவை விடாது பற்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வேறொரு பறவையும் வேறொரு தட்டுமுட்டும் இணைக்கப்பட்டிருப்பின் இத்துணைப் பேர் மயங்கியிருப்பரோ?

ஈண்டு ஒன்றை வரையறுத்தல் வேண்டும். மோனை என்பது இணைப்பின் காரணம். வினாவின் விடை அன்று. எதனால் ஒக்கும் என்பதற்கு, ஒரே ஒலியில் தொடங்குதலால் என ஒருவன் கூறின், தொப்பிக்காரன் அதனை ஏற்றான் எனவோ மறுத்தான் எனவோ நூலைக் கொண்டு காட்ட இயலாது. முதுகலை வகுப்பில் இதனை யான் கூறியபொழுது மாணவர் ஒருவர், அப்படியாயின் இதுவே விடை என்று முடித்துவிடலாமே என்றார். முடிக்கும் விருப்பம் நமக்கு எத்துணை இயல்பாய் எழுகின்றது என்பதற்கு அவர் சொல்லே சான்று. அதே வகுப்பில் மற்றொரு மாணவி, காக்கையின் இறகு எழுதுகோலாகும், எழுதுமேசை எழுதுகோலுக்கு உறைவிடமாகும், ஆகவே ஒன்று பிறந்தகம் ஒன்று புக்ககம் என்றார். வகுப்பே ஆர்த்தது. நல்ல விடைதான். பறவை இறகால் எழுதிய காலம் அது. மேனாட்டாரும் இவ்வழியே சென்றுள்ளனர். ஆயினும் அது மாணவியின் விடை.

மொழிபெயர்ப்பிலும் இவ்வுண்மை விளங்கும். கரோலின் 1896ஆம் ஆண்டு விடையைத் தமிழில் தருதல் இயலாது. மேலே அதனை விளக்க எத்துணை வரிகள் வேண்டியிருந்தன என்பதைக் கண்டோம். லாயிடின் விடையும் அக்சிலியின் விடையும் அவ்வாறே. ஆனால் வினா எம்மொழியிலும் பெயரும். அண்டங்காக்கையும் எழுதுமேசையும் ஒப்பது எங்ஙனம் என்று தமிழ்ச் சிறுவனைக் கேட்டால், அவனும் ஆலிசைப் போலவே புருவம் நெறித்து எண்ணுவான். தெரியாது என்ற பின் அவளைப் போலவே ஏமாறுவான். மோனை போயிற்று, சிலேடை போயிற்று. வினா குறையின்றி வந்துசேர்ந்தது. விடை இவ்வினாவின் உறுப்பாயிருந்திருப்பின் இவ்வாறு நேராது.

விடை உண்டு, ஆயின் சொல்லப்படவில்லை என்னும் விடுகதையும் கரோல் அறிவார். 1872ஆம் ஆண்டு நாளிட்ட இரண்டாம் கதைநூலாகிய 'கண்ணாடியின் வழியே' என்பதன் விருந்தில் வெள்ளையரசி மீன் பற்றிய விடுகதைப் பாட்டொன்றைப் பாடுகின்றாள். நூலுள் விடை இல்லை. எனினும் பாட்டின் சொற்களைப் பின்பற்றிச் செல்வார் சிப்பி என்னும் விடையை அடைவர், ஐயத்திற்கு இடமில்லை. பிசி என்பதன் முறை அது. அம்முறையை நன்கறிந்த ஒருவர் இங்கு மட்டும் அதனைக் கைவிட்டார் எனின் அறியாது கைவிட்டார் என்பது பொருந்தாது.

பொருள் இல்லாதவிடத்துப் பொருள் காண்பாரைக் கரோல் எங்ஙனம் நோக்கினார் என்பதற்கும் நூலில் இடமுண்டு. ஒன்பதாம் இயலில் வரும் சீமாட்டி, எதற்கும் ஒரு நீதி உண்டு, கண்டுபிடித்தால் போதும் என்று கூறி ஆலிசின் தோளில் தன் கூரிய மோவாயை ஊன்றுகின்றாள். இறுதி இயலில் கையொப்பமில்லாப் பாட்டொன்று சான்றாகக் கொணரப்படுகின்றது. அதில் அணுவளவும் பொருள் இல்லை என்கின்றாள் ஆலிஸ். பொருள் இல்லையாயின் தேடும் தொல்லை மிச்சம் என்று மகிழ்கின்றான் அரசன். மகிழ்ந்த வாய் மூடுவதற்குள், ஆயினும் சிறிது பொருள் இருப்பதாய்த் தெரிகின்றதே என வரிவரியாய் உரை வகுக்கத் தொடங்குகின்றான். உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு அவ்விடத்தில் சிரிப்பு முழுமையாய் வருவதில்லை.

பதினோராம் இயலில் தொப்பிக்காரன் மீண்டும் வருகின்றான். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. அழைப்பு வந்தபொழுது தேநீர் முடிந்திலது என்கின்றான். எப்பொழுது தொடங்கியது என்று அரசன் வினவ, மார்ச்சு 14 என அவனும், 15 என முயலும், 16 எனத் துயிலெலியும் கூறுகின்றனர். தொப்பியைக் கழற்றுக என்றதற்கு, அது தன்னுடையது அன்று என்கின்றான். விற்பதற்கே வைத்திருக்கின்றான், தனக்கென ஒன்றும் இல்லை. ஆலிஸ் அம்மன்றிலேயே துயிலெலியின் அருகில் அமர்ந்திருக்கின்றாள். உடல் பெரிதாக வளர்ந்துகொண்டும் இருக்கின்றாள். காக்கையைப் பற்றி அவனை வினவ அவளுக்கு வாய்ப்பு இருந்தது. அவள் வினவவில்லை. போகலாம் என்றவுடன் காலணியையும் இடாது அவன் ஓடிவிடுகின்றான்.